ஆகாயத்தில் வேடிக்கை

1958 ஜூலை தொடக்கத்தில் ஒரு நாள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு மேலே 1,500 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டரின் கதவைத் திறந்து ஒருவர் வெளியே கால் வைத்தார். தரையில் இறங்கும்போது ஹெலிகாப்டர் ஊன்றி நிற்குமே, அந்தச் சட்டத்தின் மேல் நின்றுகொண்டு, பக்கவாட்டில் பொருத்தியிருந்த ஒளிபரப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பழைய ரேடியோவில் இருப்பது போன்ற ஒரு வால்வு, சூடும் அதிர்வும் தாங்காமல் உயிரை விட்டிருந்தது. பார்த்துவிட்டு உள்ளே ஏறிக்கொண்டார்.

அவர் பெயர் ஜான் சில்வா. கேடிஎல்ஏ தொலைக்காட்சி நிலையத்தின் தலைமைப் பொறியாளர். ஹெலிகாப்டரிலிருந்து நேரலையாகப் படம் அனுப்புவது அப்போது புதிய முயற்சி. கீழே நிலையத்தில் இருந்தவர்களுக்குப் படம் வரவில்லை என்றதும், தரையிறங்கும் வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. மறுநாள் படம் வந்தது. அந்த ஹெலிகாப்டருக்கு டெலிகாப்டர் என்று பெயர் வைத்தார்கள். காட்டுத் தீயும் வெள்ளமும் அதற்குப் பிறகு வீட்டுக் கூடத்துக்கே வந்தன.

கூரையில் ஏறிப் பார்ப்பது, மரத்தில் ஏறிப் பார்ப்பது எல்லாம் மனிதனுக்குப் பழைய ஆசை. அன்று அந்த ஆசைக்கு ஒரு விலை இருந்தது. மேலே இருந்து பார்க்க வேண்டுமானால் பார்ப்பவன் மேலே போயாக வேண்டும். விழுந்தால் அவனும் சேர்ந்தே விழுவான்.

லாஸ் ஏஞ்சலஸைப் போல ஹெலிகாப்டரோடு ஒட்டிப் பிறந்த ஊர் குறைவு. ஊரைச் சுற்றி மலை. மலை முழுக்கக் காய்ந்த புதர். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பாலைவனத்துப் பக்கமிருந்து சான்டா ஆனா என்ற வறட்டுக் காற்று இறங்கும். அந்த நேரத்தில் ஒரு பொறி விழுந்தால் போதும். சிவிலியன் உபயோகத்துக்கு முதன்முதலில் சான்றிதழ் பெற்ற ஹெலிகாப்டர் பெல் 47, ஆண்டு 1946. அடுத்த ஆண்டே ஏஞ்சலஸ் தேசிய வனத்தில் பற்றிய பிரையன்ட் தீயில் அதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். முன்பக்கம் கண்ணாடிக் குமிழி, பின்பக்கம் ஏணியைப் படுக்கப் போட்டது போன்ற கம்பிக்கூடு. மலையுச்சியின் மெல்லிய காற்றில் விமானியோடு ஒன்றிரண்டு பேரைத் தூக்கவே அது திணறும். ஆனாலும் கால்நடையாக மணிக்கணக்கில் ஏற வேண்டிய முகட்டுக்குச் சில நிமிடங்களில் ஆளைக் கொண்டுபோய்விட்டது. தீயணைப்புக்காரர்கள் வேறென்ன கேட்பார்கள்?

பிறகு போலீசும் செய்தி நிலையங்களும் வந்து சேர்ந்தன. 1974 முதல் உயரமான கட்டடங்களின் மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்க இடம் விட வேண்டும் என்று ஊரில் சட்டமே வந்தது. அந்த ஊரின் பழைய வானளாவிகளின் படத்தைப் பார்த்தால் எல்லாம் தலையைச் சீவியது போலத் தட்டையாக இருக்கும். கட்டடக் கலைஞர்களின் ரசனையைக் குறை சொல்லிப் பயனில்லை. தீயணைப்பு விதி அப்படி. 40 ஆண்டுகள் கழித்து, 2014இல்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

விமானத்துக்கு உயரம்தான் பாதுகாப்பு. ஏதாவது கோளாறு என்றால் யோசிக்க நேரம் கிடைக்கும். ஹெலிகாப்டருக்குப் பிழைப்பே தாழ்வில்தான். தண்ணீர் கொட்ட வேண்டும், ஆளைத் தூக்க வேண்டும், திருடன் எந்தச் சந்தில் ஓடுகிறான் என்று பார்க்க வேண்டும். எல்லாமே 500 அடிக்குக் கீழே நடக்கிற வேலை. மின்கம்பியும் மலைச்சரிவும் மூடுபனியும் பறவையும் இருக்கிற அடுக்கு அது. அங்கே ரேடார் சரியாக எட்டாது, மலை மறைக்கும். தொலைவிலிருந்து வழி சொல்லும் கட்டுப்பாட்டு அறையின் கண்ணும் எல்லா இடத்திலும் விழாது.

ஆகவே அங்கே ஆதியிலிருந்து நடந்து வந்தது எளிய முறை: பார்த்தால் விலகு. தலையைத் திருப்பிக்கொண்டே இரு. எதிரே ஏதாவது தெரிந்தால் வலது பக்கம் ஒதுங்கு. அதோடு வாயையும் திறந்து வை. 123.025 என்ற அலைவரிசையில் ஹெலிகாப்டர்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். நான் இந்த நெடுஞ்சாலைக்கு மேலே, வடக்கே போகிறேன், 700 அடி. பேருந்து நிலையத்தில் டிரைவர்கள் ஜன்னல் வழியே குரல் கொடுத்துக்கொள்கிற மாதிரிதான். குரலை வைத்தே ஆளைத் தெரியும். ஒருவன் தப்பு செய்தால் இருவருக்கும் சாவு என்பது இருவருக்கும் தெரியும். அந்த முறையைத் தாங்கி நின்றது இந்தப் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டப் புத்தகம் அதற்குப் பிறகுதான்.

பழைய நாட்கள் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1977ஆம் ஆண்டின் அடுத்தடுத்த இரண்டு வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 24 இரவு, ஏஞ்சலஸ் வனத்தில் தீயணைப்பு நடந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் நிரப்பும் இடத்தில் இறங்க வந்த இரண்டு ஹெலிகாப்டர்கள் இருட்டில் மோதிக்கொண்டன. ஒரு விமானி இறந்தார். அடுத்த வாரம், ஆகஸ்ட் 1, கேஎன்பிசி தொலைக்காட்சியின் ஹெலிகாப்டர் சான்டா பார்பராவில் காட்டுத் தீயைப் படமெடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. ஒளிப்பதிவாளரும் விமானியும் இறந்தார்கள். அந்த விமானி வேறு யாருமில்லை. 1960இல் யு-2 உளவு விமானத்தில் சோவியத் வானுக்குள் போய், ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு உயிர் பிழைத்த பிரான்சிஸ் கேரி பவர்ஸ். ஏவுகணைக்குத் தப்பியவரை எரிபொருள் இல்லாத தொட்டி கொன்றது.

2007 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். போலீஸ் ஒரு காரைத் துரத்துகிறது. செய்தி நிலையங்களின் ஹெலிகாப்டர்கள் மேலே கூட்டமாகப் பின்தொடர்கின்றன. விமானிகளே நிருபர்களும்கூட. ஒரு கண் காரின் மேல், ஒரு காது ஸ்டூடியோவில், வாய் வர்ணனையில். நீ எங்கே இருக்கிறாய் என்று ரேடியோவில் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் இரண்டு மோதிக்கொண்டன. நான்கு பேரும் போனார்கள். பார்த்தால் விலகு என்ற முறையில் ஓட்டை இருக்கிறது. அதன் முதல் சொல்லே பார்ப்பது. வேடிக்கை பார்க்கிற கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஒரு பாடம் ஏறியது. அதன் விளைச்சலை இன்று கலிஃபோர்னியாவின் தீ வானத்தில் பார்க்கலாம். எரியும் இடத்தை நடுவாக வைத்து வானத்தில் வளையங்கள் வரைந்திருக்கிறார்கள். வருகிற விமானமோ ஹெலிகாப்டரோ 12 கடல் மைல் தொலைவிலேயே கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டும். பதில் வரவில்லையா, 7 மைலில் நின்று வட்டமடிக்க வேண்டும்; அதைத் தாண்டக் கூடாது. உள்ளே அடுக்கடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிறு விமானத்தில் ஒருங்கிணைப்பாளர் சுற்றிக்கொண்டிருப்பார், கல்யாண வீட்டில் பந்தி மேற்பார்வை பார்க்கும் பெரியவரைப் போல. அவருக்குக் கீழே தீயணைப்பு விமானங்கள். அடியில், 500 அடியிலும் அதற்குக் கீழும் ஹெலிகாப்டர்கள். யார் முதலில் கொட்டுவது, யார் காத்திருப்பது எல்லாம் குரலிலேயே நடக்கும். அப்படியும் 2023 ஆகஸ்டில் காபசோன் அருகே இரண்டு தீயணைப்பு ஹெலிகாப்டர்கள் மோதி மூவர் இறந்தார்கள். முறை எவ்வளவு நல்லதானாலும் அதில் இருப்பது மனிதர்கள்தானே.

இந்த அடுக்குக்குள்தான் ட்ரோன் வந்து சேர்ந்தது. அதற்கு அரசாங்கம் ஒதுக்கிய உயரம் 400 அடிக்குக் கீழே. வரைபடத்தில் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. விமானங்கள் மேலே, பொம்மைகள் கீழே, இடையில் இடைவெளி. ஆனால் அந்தக் கீழ்த்தளம் காலியாக இல்லை. ஹெலிகாப்டர்காரரின் அடுப்படி அது.

2015 ஜூலை 17 அன்று கஹோன் கணவாயில் தீப்பிடித்துக் காற்றோடு நெடுஞ்சாலையில் பாய்ந்தது. கார்களை விட்டுவிட்டு ஜனங்கள் ஓடினார்கள். தண்ணீர் கொண்டுவர வேண்டிய ஹெலிகாப்டர்களும் விமானங்களும் சுமார் 20 நிமிடம் அந்தப் பக்கம் வர முடியவில்லை. வானத்தில் ஐந்து ட்ரோன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சாலையில் 20 வண்டிகள் எரிந்தன. சான் பெர்னார்டினோ மாவட்ட நிர்வாகம், அந்தக் கோடையில் தீயணைப்புக்குக் குறுக்கே ட்ரோன் விட்டவர்களைப் பற்றித் துப்புக் கொடுத்தால் மொத்தம் 75,000 டாலர் என்று அறிவித்தது. ‘நீங்கள் பறந்தால் நாங்கள் பறக்க முடியாது’ என்ற வாசகத்தோடு சுவரொட்டிகள் வந்தன.

ஒரு சின்னப் பிளாஸ்டிக் சாமானுக்கு இத்தனை பயமா என்று கேட்கத் தோன்றும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை தலைக்கு மேலே சுற்றிப் படமெடுக்கிற அதே ட்ரோன்தான். பறவை மோதினால் தாங்குகிற ஹெலிகாப்டர் இதைத் தாங்காதா? 2018இல் டேட்டன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றே குறைந்த ட்ரோனை பீரங்கி போன்ற கருவியிலிருந்து மணிக்கு 383 கிலோமீட்டர் வேகத்தில் சிறு விமானத்தின் இறக்கை மேல் எய்தார்கள். அதே எடையில் பறவைக்குப் பதிலாக ஒரு ஜெலட்டின் உருண்டையையும் எய்தார்கள். உருண்டை இறக்கையின் முன்விளிம்பை மேலே அதிகமாகக் கிழித்தது. ட்ரோன் உள்ளே நுழைந்து, இறக்கையைத் தாங்குகிற முதன்மைச் சட்டத்தையே சிதைத்தது. பறவை சதையும் சன்ன எலும்பும், மோதினால் பிதுங்கிவிடும். ட்ரோனின் மோட்டாரும் பாட்டரியும் பிதுங்காது. நிஜத்தில் நடக்காத வேகத்தில் எய்தீர்கள் என்று ட்ரோன் கம்பெனி டிஜேஐ சண்டைக்கு வந்தது. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். ஆனால் ஹெலிகாப்டர் நின்ற இடத்தில் நின்றாலும் அதன் ரோட்டார் நிற்பதில்லை. இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தில் பாதிக்கு மேல் சுழலும். வால் ரோட்டார் இன்னும் மென்மையானது. அது போனால் ஹெலிகாப்டர் பம்பரமாகிவிடும்.

2020 செப்டம்பரில் ஹாலிவுட்டில் திருட்டுப் புகார் வந்து போன போலீஸ் ஹெலிகாப்டரை ஒரு ட்ரோன் அடித்தது. விமானி கண்டு விலகப் பார்த்தார், முடியவில்லை. அவசரமாகத் தரையிறக்கினார். கீழே என்ன சத்தம் என்று பார்க்கத்தான் அந்த ட்ரோனை ஏற்றியிருந்தார் ஒருவர்.

இனி 2025 ஜனவரி. லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸ் தீ 7ஆம் தேதி பற்றியது. முதல் இரவு காற்று வெறிபிடித்து அடித்ததில் ஹெலிகாப்டர்கள் தரையில் முடங்கின. முடிவில் 12 உயிர்களும் 6,800க்கு மேற்பட்ட கட்டடங்களும் போயின. காற்று சற்றுத் தணிந்ததும் வானம் நிறைந்தது. சினூக் ஹெலிகாப்டர்கள் நீர்த்தேக்கத்துக்கு மேலே மிதந்தபடி யானைத் துதிக்கை போன்ற குழாயை இறக்கி உறிஞ்சின. கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து ஆண்டுதோறும் வாடகைக்கு வரும் மஞ்சள் சிவப்பு விமானங்கள் கடலில் வயிற்றை உரசி, 12 வினாடியில் 6,000 லிட்டர் அள்ளிக்கொண்டு எழுந்தன. தரையிலிருந்து பார்த்தால் வரிசையாக நீர்க்காகங்கள் முக்குளிப்பது போல இருக்கும்.

9ஆம் தேதி சான்டா மோனிக்காவில், கடைத்தெருவை ஒட்டிய அடுக்கு மாடி பார்க்கிங்கின் உச்சித் தளத்துக்கு ஒருவர் வண்டியை ஓட்டிப் போனார். பெட்டியிலிருந்து ட்ரோனை எடுத்து ஏற்றினார். தீ எவ்வளவு எரித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வானத்தில் தடை உத்தரவு இருந்தது. ட்ரோன் 2,500 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. கண்ணுக்கு அது தெரியவில்லை. பிறகு திரையில் படமும் வரவில்லை.

அது கியூபெக் விமானம் ஒன்றின் இடது இறக்கையில் ஏறியிருந்தது. மூன்றுக்கு ஆறு அங்குலம் ஒரு ஓட்டை. உள்ளே இரண்டு பேர். விமானம் பத்திரமாக இறங்கியது என்றாலும் பழுது பார்க்கும் வரை ஊர் எரிகிற நேரத்தில் கொட்டகையில் நின்றது. ட்ரோன் ஓட்டியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பழுதுச் செலவையும் கட்டி, தீ நிவாரணத்துக்காக 150 மணி நேரம் உழைக்கவும் சம்மதித்தார்.

அது ஹெலிகாப்டர் இல்லை, விமானம். எனவே இறக்கையில் ஓட்டையோடு போயிற்று. அதே பொருள் 200 அடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த ஹெலிகாப்டரின் வாலில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்தத் தீயணைப்பு விமானியிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ட்ரோனின் எடையோ 249 கிராம். 250 கிராமுக்குக் கீழே இருந்தால், பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுகிறவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் கம்பெனிகள் 249இல் நிறுத்துகின்றன.

இதே வாரத்தில் இன்னொன்று நடந்தது. தடை செய்யப்பட்ட இடங்களுக்குள் ட்ரோன் நுழையாமல் மென்பொருளிலேயே பூட்டுப் போடும் ஏற்பாட்டை டிஜேஐ 2013 முதல் வைத்திருந்தது. அந்தப் பூட்டை அமெரிக்காவில் எடுத்துவிட்டு, இனி எச்சரிக்கை மட்டும் திரையில் காட்டுவோம், முடிவு ஓட்டுகிறவர் கையில் என்று 2025 ஜனவரி 13 அன்று அறிவித்தது. ஓட்டை விழுந்து நான்கே நாள். அந்த முடிவு முன்பே எடுத்ததாக இருக்கலாம். அறிவித்த நேரம் சகிக்கவில்லை.

ட்ரோனின் மேல் எனக்குப் பகை இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறையே 2017 டிசம்பர் ஸ்கிர்பால் தீயில் ட்ரோன் பறக்கவிட்டது. புகைக்குள் எங்கே கனல் ஒளிந்திருக்கிறது என்று வெப்பக் கேமராவில் பார்க்க இதைவிட மலிவான கண் கிடையாது. சான் டியாகோவுக்கு அருகே சூலா விஸ்டாவில் 2018 முதல் அவசர அழைப்பு வந்தவுடன் போலீஸ்காரருக்கு முன்னால் ட்ரோன் போகிறது. ஒரு ஹெலிகாப்டரும் அதிலுள்ள ஆட்களும் ஆபத்துக்குள் போகாமலே அந்த வேலை முடிகிறது. அடையாளம் சொல்லிக்கொண்டு, கேட்டுவிட்டு, வளையத்துக்குள் வருகிற ட்ரோன் அந்தக் குடும்பத்தில் ஒரு ஆள்.

சிக்கல் கேட்காமல் வருவதில். 123.025இல் ட்ரோன்காரர் பேசுவதில்லை. அவர் எங்கோ மாடியில் நிற்கிறார். 2023 செப்டம்பர் முதல் பெரும்பாலான ட்ரோன்கள் தம் அடையாளத்தையும் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்று அமெரிக்க விதி. நல்லதுதான். ஆனால் அந்தச் சமிக்ஞை வைஃபை, ப்ளூடூத் ரகம். பக்கத்தில் தரையில் நிற்கும் போலீஸ்காரரின் செல்போனுக்கு எட்டும். மணிக்கு 200 கிலோமீட்டரில் வரும் விமானியின் முன்னால் உள்ள திரையில் அது வராது. பெரிய விமானங்கள் ஒன்றை ஒன்று அறிய ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியைச் சின்ன ட்ரோன்கள் பொதுவாகப் பயன்படுத்தவே கூடாது. லட்சக்கணக்கில் கத்த ஆரம்பித்தால் அலைவரிசை நிரம்பிவிடும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. ஓட்டுகிறவரின் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கும் பொருள் கொண்டுபோகும் ட்ரோன்களை 400 அடிக்குக் கீழே பெரிய அளவில் அனுமதிக்கிற திட்டம். அதில் ஒரு வரி ஹெலிகாப்டர்காரர்களின் வயிற்றைக் கலக்கியது. ஏடிஎஸ்-பி ஒலிபரப்பாத விமானம் எதிரே வந்தால், சில விலக்குகள் தவிர, ட்ரோனுக்கே முன்னுரிமை. ஆள் இருப்பது ஆள் இல்லாததற்கு வழி விட வேண்டும். கருவி பொருத்திக்கொள்ளட்டுமே என்பது ட்ரோன் தரப்பின் வாதம். முழுக்க அபத்தம் என்று தள்ள முடியாது. கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்றுக்கு எப்படி வழி விடுவது என்று கேட்கிறார்கள் பழைய விமானிகள். நான் பழைய விமானிகள் பக்கம்.

இந்த விதிகளுக்கெல்லாம் முன்பே, 2017இல், நியூயார்க்கில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 21 மாலை, பொழுது சாய்ந்துவிட்டது. ஐ.நா. பொதுச்சபை கூடியிருந்ததால் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இரண்டு காவலுக்குப் பறந்துகொண்டிருந்தன. ஸ்டேட்டன் தீவுக்குக் கிழக்கே, கடலுக்கு மேலே 300 அடியில் வந்தபோது ஒன்றின் மேல் ஏதோ மோதியது. நியூ ஜெர்சியில் லிண்டன் விமான நிலையத்தில் இறக்கிப் பார்த்தார்கள். ரோட்டார் இறக்கையின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு நசுங்கல். உள்ளே, எண்ணெயைக் குளிர்விக்கும் விசிறிப் பகுதியில், ஃபான்டம் ட்ரோன் ஒன்றின் மோட்டாரும் ஒரு கையின் துண்டும் சிக்கியிருந்தன. மோட்டாரில் எண் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு விசாரணைக்காரர்கள் ட்ரோன்காரரைத் தேடிப் போனார்கள்.

அவர் அன்று மாலை புரூக்ளினில் கடற்கரை ஓரமாக நின்று, இரண்டரை மைலுக்கு அப்பால் ட்ரோனை அனுப்பியிருந்தார். தடை இருந்தது தெரியாது. திடீரென்று தொடர்பு அறுந்தது. வீடு திரும்பும் பொத்தானை அழுத்தியிருந்ததால் எப்படியும் வந்துவிடும் என்று அரை மணி நேரம் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரவில்லை. எங்கோ கோளாறாகித் தண்ணீரில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். விசாரணைக்காரர்கள் வந்து சொல்லும் வரை அவருக்கு வேறெதுவும் தெரியாது.